ஐந்நூறு ரூபாய்க்குள் ஒரு பரிசு: பகடை உருட்டும் பிள்ளைகளுக்கு

மாதம் ஒரு பதிவு எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு இரண்டு மாதமாகக் காணாமல் போய்விட்டேன். கண் புரை அறுவை செய்துகொண்டேன். இப்போது நன்றாகத் தெரிகிறது. அதனால் இந்தப் பதிவில் எழுத்துப் பிழை இருந்தால் கண் மேல் பழி போட முடியாது.

போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் 1998 பேட்ச் மாணவர் ஒருவர், இப்போது துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், ஒரு கேள்வி கேட்டிருந்தார். "சார், என் பையன் பிளஸ் ஒன் படிக்கிறான். ஞாயித்துக்கிழமை ஆனா நாலு பசங்களோட மொட்டை மாடியில உக்காந்து பகடை உருட்டுறான். கேட்டா 'டி அண்ட் டி'ன்றான். உங்க பேத்தியும் அதைத்தான் ஆடுதாமே? அவனுக்குப் பொறந்த நாள் வருது. ஐந்நூறுக்கு மேல என்னால ஆகாது. என்னா வாங்கித் தரலாம் சார்? மொதல்ல, வாங்கித் தரலாமா?"

அதற்குக் கீழே என் மைத்துனர் ஒரு வரி போட்டிருந்தார்: "பகடையா? சகுனிதான் நினைவுக்கு வருகிறான்." பத்துப் பேர் சிரித்திருந்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

முதலில் இரண்டாவது கேள்வி. வாங்கித் தரலாமா?

இந்த விளையாட்டு என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றியோ பாயிலோ உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். அவரை 'டஞ்சன் மாஸ்டர்' என்கிறார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொள்வார்கள். ஒருத்தி வில்லாளி, ஒருவன் மந்திரவாதி, ஒருவன் திருடன். நடத்துபவர் "எதிரே இடிந்த கோட்டை, உள்ளே யாரோ முனகுகிற சத்தம் கேட்கிறது, என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்பார். என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். சொன்னது நடக்குமா நடக்காதா என்று சந்தேகமான இடத்தில் மட்டும் பகடை உருளும்.

தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். கட்டியங்காரன் வருவான். திரைக்குப் பின்னால் நிற்கும் வேஷத்தைப் பார்த்து நீ யார், எந்த ஊர், ஏன் வந்தாய் என்று கேட்பான். அந்தக் கட்டியங்காரன்தான் இந்த டஞ்சன் மாஸ்டர். வித்தியாசம் ஒன்றுதான். கூத்தில் கதை முடிவு எல்லோருக்கும் தெரியும். இங்கே கட்டியங்காரனுக்கே தெரியாது.

அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் எழுதி 1974-இல் வெளியிட்டதுதான் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. முதலில் 1,000 பிரதிதான் அச்சிட்டார்கள். பெட்டிகளைக் கையாலேயே அடுக்கி விற்றார்கள். 1980-களில் அந்த ஊர் பெற்றோர்களும் பாதிரியார்களும் இது பிள்ளைகளைக் கெடுக்கிறது, பேய் வழிபாடு என்று பெரிய கூச்சல் போட்டார்கள். ஆக, நம் மைத்துனர் தனியாள் இல்லை. இன்று அந்த விளையாட்டுக்கு வயது 50 தாண்டிவிட்டது. கூச்சல்தான் அடங்கிப் போனது.

சூது என்று சொல்கிறவர்களுக்கு என் பதில் இது. வள்ளுவர் சூதுக்கென்றே ஒரு அதிகாரம் வைத்தார், 94-வது. அதை 33 வருடம் பள்ளி மேடையில் சொன்னவன் நான். சூது என்றால் பொருளைப் பந்தயம் வைப்பது, அதை இழப்பது, இழந்ததை மீட்க மறுபடி வைப்பது. இந்த விளையாட்டில் பணயம் கிடையாது. ஜெயித்தவன், தோற்றவன் என்றே கிடையாது. எல்லோரும் ஒரே கட்சி. பையன் பகடை உருட்டுகிறானே என்று பயப்படுகிற அதே வீட்டில்தான் பெரியவர்கள் போனில் ரம்மி ஆடிச் சம்பளத்தைத் தொலைத்த கதை நடந்தது. அதற்குத்தான் தமிழ்நாடு அரசு சட்டமே போட வேண்டியிருந்தது. அந்தச் சட்டம் 2023-இல் நடைமுறைக்கும் வந்தது. பயப்பட வேண்டியது பகடைக்கு இல்லை, பணயத்துக்கு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் கேரம் ஆடுகிற பிள்ளைகளை நாம் என்னவெல்லாம் சொன்னோம்? 'கிளப்புல குந்திக்கினு இருக்கான்' என்போம். நானே சொல்லியிருக்கிறேன். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பை கேரம் போட்டியில் புதுவண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் மகள் காசிமா மூன்று தங்கம் வாங்கினாள். செய்தி வந்த அன்று எல்லோரும் இனிப்புக் கொடுத்தோம். இனிப்புக் கொடுத்த கையால்தான் அதற்கு முன் காய்களைப் பிடுங்கி வைத்தோம். இந்தக் கதை விளையாட்டுக்குத் தங்கம் எல்லாம் இல்லை. அதற்காக அது வீண் என்று ஆகிவிடாது.

நான் இதை ஒரு முறை ஆடிப் பார்த்தேன். கண் அறுவைக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் பேத்தியின் நண்பர்கள் எங்கள் வீட்டு மாடிக்கு வந்திருந்தார்கள். ஐந்தாவது ஆள் வரவில்லை. "தாத்தா, நீங்க வாங்க" என்றாள். கட்டுமரத்தில் போகும் கிழவன் வேஷம் எனக்கு. கதை நடக்கும் இடம் நம் எண்ணூர் முகத்துவாரம். கொசஸ்தலை ஆறு கடலில் சேருகிற இடத்திலிருந்து கறுப்பாக ஒரு பூதம் எழுந்து வருகிறது. தொட்டதெல்லாம் வழுக்குகிறது, நாறுகிறது, மீன் செத்து மிதக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெயைத்தான் பேத்தி பூதமாக்கியிருக்கிறாள் என்று எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.

அந்தக் கூட்டத்தில் நெட்டுக்குப்பத்துப் பையன் ஒருவன். வந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை. கேட்டதற்குத் தலையாட்டுவான், அவ்வளவுதான். பூதத்தை எப்படிப் பிடிப்பது என்ற கட்டம் வந்தபோது அவன் பேசத் தொடங்கினான். காற்று எந்தப் பக்கம் அடித்தால் எண்ணெய் எந்தக் கரையில் ஒதுங்கும், வலையில் ஒட்டினால் ஏன் போகாது, சதுப்பு மரத்தின் வேரில் எவ்வளவு உயரத்துக்குக் கறை நிற்கும் என்று பத்து நிமிடம் நிறுத்தாமல் சொன்னான். கதைக்குள் இருக்கிற மீனவன்தான் பேசினான். ஆனால் அந்த டிசம்பரில் அப்பாவோடு பக்கெட்டும் கையுமாக நின்று எண்ணெய் அள்ளியவன் அவன்தான் என்று அப்புறம் பேத்தி சொன்னாள். அதுவரை அவன் இதை யாரிடமும் சொன்னதில்லையாம்.

33 வருடம் வகுப்பெடுத்திருக்கிறேன். 'எழுந்து நின்று பேசு' என்று சொல்லி எத்தனை பிள்ளைகளின் வாயை அடைத்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வேஷம் கொடுத்து உட்கார வைத்தால் பேசுகிறார்கள்.

(என் கிழவன் என்ன ஆனான் என்று கேட்காதீர்கள். இருபது முகப் பகடையில் 1 விழுந்தது. கட்டுமரத்திலிருந்து தண்ணீரில் விழுந்தேன். பிள்ளைகள் இன்றுவரை சிரிக்கிறார்கள்.)

சரி, வாங்கித் தரலாம். இனி என்ன வாங்கலாம் என்று பார்ப்போம். விலையெல்லாம் நான் கொடுத்தது. கடைக்குக் கடை மாறும்.

முதலில் செலவில்லாத ஒரு வேலை. பையனிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "நீ கதை நடத்துறியா, வேஷம் கட்டுறியா?" நடத்துகிறவனுக்கு வேண்டியது வேறு, ஆடுகிறவனுக்கு வேண்டியது வேறு. அதோடு, அப்பா இதைக் கேட்டார் என்பதே பாதிப் பரிசு.

பகடை. இதற்கு வேண்டியது ஏழு பகடை கொண்ட ஒரு செட். 4, 6, 8, 12, 20 முகங்களில் ஒவ்வொன்று, பத்து முகத்தில் இரண்டு. இரண்டில் ஒன்று பத்துப் பத்தாக எண் போட்டது, சதவீதம் பார்க்க. ஆன்லைனில் பேத்திக்கு வாங்கியது 350 ரூபாய். பிளாஸ்டிக் போதும். உலோகப் பகடை பார்க்க அழகு, விலை மூன்று மடங்கு, டைல்ஸ் தரையில் விழுந்தால் வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார்.

இந்த இடத்தில் கணக்கு வாத்தியார் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 4, 6, 8, 12, 20 என்ற இந்த ஐந்தும்தான் முகமெல்லாம் ஒரே அளவாக அமைந்த ஒழுங்குத் திண்மங்கள். உலகத்தில் ஆறாவது கிடையாது. பத்து முகம் அந்தக் குடும்பத்தில் சேராது, அது பின்னால் வந்த விருந்தாளி. இருபது முகத்துக்கு முனை 12, விளிம்பு 30. முனையிலிருந்து விளிம்பைக் கழித்து முகத்தைக் கூட்டுங்கள்: 12 – 30 + 20 = 2. மற்ற நான்கிலும் அதே 2 வரும். இதைக் கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! ஆனால் இருபது முகத்தை முதன்முதலாகக் கையில் வைத்துப் பார்த்தது ஓய்வு பெற்ற பிறகு, பேத்தியின் பகடையில்தான்.

350 ரூபாயும் கஷ்டம் என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1 முதல் 20 வரை எழுதிய இருபது சீட்டு, ஒரு பழைய டப்பா. குலுக்கி ஒன்றை எடு, பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போடு. (உள்ளே போட மறந்தால் நிகழ்தகவு மாறிவிடும். ஏன் என்று பின்னூட்டத்தில் சொல்பவருக்கு என் வீட்டில் காபி.) இதை ஏழைகளின் ஏற்பாடு என்று நினைக்காதீர்கள். 1979 வாக்கில் பகடைக்குத் தட்டுப்பாடு வந்தபோது அந்தக் கம்பெனியே பெட்டியில் பகடைக்குப் பதில் எண் அச்சடித்த அட்டைச் சீட்டுகளை வைத்துத்தான் விற்றது.

தாயக்கட்டை. நடத்துகிற பிள்ளைக்கு இதைக் கொடுங்கள். திருவொற்றியூர் கோயில் பக்கம் பூஜைச் சாமான் கடையில் பித்தளையில் ஒரு ஜோடி 180 ரூபாய்க்கு வாங்கினேன். ஒவ்வொரு கட்டையிலும் நான்கு முகம், ஆக 16 விதமாக விழலாம். அதில் 3 விழ நான்கு வழி. 2-க்கும் 4-க்கும் மூன்று மூன்று வழி. தாயத்துக்கும் ஐந்துக்கும் இரண்டிரண்டு. ஆறும் பன்னிரண்டும் ஒரே ஒரு வழி. அதனால்தான் நம் ஆயாக்கள் பன்னிரண்டு விழுந்தால் அப்படிக் குதித்தார்கள். இருபது முகப் பகடையில் எல்லா எண்ணுக்கும் ஒரே வாய்ப்பு, நூற்றுக்கு ஐந்து. தாயக்கட்டையில் நடு எண்கள் அடிக்கடி வரும், ஓரத்து எண்கள் அரிது. இரண்டும் கையில் இருந்தால் பையன் எந்த இடத்துக்கு எது பொருத்தம் என்று தானே யோசிப்பான். பிளஸ் ஒன் புத்தகத்து நிகழ்தகவு பாடம் பாதி முடிந்துவிடும்.

கிராஃப் நோட்டு, பென்சில், ரப்பர். 60 ரூபாய் நோட்டு ஒன்றும் 50 ரூபாய்க்குப் பென்சில் டப்பாவும். வரைபடம் போடாமல் இந்த விளையாட்டே இல்லை. பகடை 350-ஐயும் சேர்த்தால் மொத்தம் 460. கிரேன் ஆபரேட்டர் சார், உங்கள் பட்ஜெட் முடிந்தது. மீதி 40-க்குப் பரிசைச் சுற்றத் தாளும் ஒரு மிட்டாயும்.

சண்டைக் கட்டப் பாய். கடையில் இதற்கென்று துணி விரிப்பு விற்கிறார்கள், வேண்டாம். காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறி மண்ணடியில் இறங்கினால் ஆண்டர்சன் தெரு நடக்கிற தூரம். கல்யாணப் பத்திரிகைக்கும் காகிதத்துக்கும் பேர்போன தெரு. ஒரு வெள்ளை சார்ட் அட்டை வாங்கி ஒரு அங்குலக் கட்டமாகக் கோடு போடுங்கள். ஒரு கட்டம் ஐந்து அடி, அதுதான் அவர்கள் கணக்கு. ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்துவிட்டால் போர்டு மார்க்கரால் எழுதி எழுதி அழிக்கலாம். கோடு போடும் வேலையைப் பையனிடம் விடாதீர்கள், நீங்களே போடுங்கள். அப்பா ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு என்று அவன் சொல்லிக்கொள்வான்.

பொம்மைகள். இதில்தான் காசு கரையும். வண்ணம் பூசிய சின்னச் சின்ன வீரர்கள், பூதங்கள் என்று ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கில். வேண்டவே வேண்டாம். கேரம் காய், சோடா மூடி, புளியங்கொட்டை, சட்டைப் பொத்தான் எதுவும் ஆளாகும். கைகாக்ஸே அப்படித்தான் ஆடினார். மலிவுக் கடையில் ஹாங்காங்கில் செய்த பிளாஸ்டிக் மிருகங்கள் ஒரு பையில் கிடைத்தன. என்ன மிருகம் என்றே தெரியாத அந்தப் பொம்மைகளுக்குப் பேரும் குணமும் வைத்தார். ஆந்தைத் தலைக் கரடி ஒன்று, இரும்பைத் துருவாக்கித் தின்கிற பூதம் ஒன்று. இன்று அந்த விளையாட்டின் புகழ்பெற்ற பூதங்கள் அவை. துரு தின்கிற பூதம் நம் பக்கத்துப் பிறவி என்றே எனக்குத் தோன்றுகிறது. எண்ணூரில் வாங்கிய இரும்பு கேட் எத்தனை வருடம் தாங்கும் என்று உங்களுக்கே தெரியும். தேர்த் திருவிழாக் கடையில் முப்பது ரூபாய்ப் பொம்மைப் பை ஒன்று வாங்கிக் கொடுங்கள். பேரைப் பையன் வைத்துக்கொள்வான்.

விதிப் புத்தகம். அச்சுப் புத்தகம் ஆயிரக் கணக்கில் விலை. ஆனால் 2023 ஜனவரியில் அந்தக் கம்பெனியே அடிப்படை விதிகளை 'கிரியேட்டிவ் காமன்ஸ்' உரிமத்தில் எல்லோருக்கும் இலவசமாக விட்டுவிட்டது. இறக்கி அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம், எங்கிருந்து எடுத்தது என்று குறிப்பிட்டால் போதும். சுமார் 400 பக்கம் என்பதால் முழுசும் அச்சிட வேண்டாம். எந்தப் பக்கங்கள் வேண்டும் என்று பையனிடம் கேட்டு ஒரு ஐம்பது பக்கத்தை ஸ்பைரல் போட்டுக் கொடுங்கள். யாரோ திருட்டுத்தனமாக ஏற்றிய முழுப் புத்தகத்தை எடுக்காதீர்கள். இலவசமாகக் கொடுத்திருக்கும்போது திருடுவது எதற்கு? தனியாக இருக்கிற பிள்ளை, கூட ஆட ஆள் இல்லை என்றால் 'அயர்ன்ஸ்வார்ன்' என்று ஒன்று இருக்கிறது. அதுவும் இலவசம், ஒருவராகவே ஆடலாம். வளைகுடாவில் அறையில் தனியாக இருக்கும் நம் பிள்ளைகள் சிலர் இதைப் படித்தால் பார்த்து வையுங்கள்.

"இதெல்லாம் இங்கிலீஷ் பேசுகிற பணக்காரப் பிள்ளைகள் சமாசாரம் சார்" என்று ஒருவர் எழுதியிருந்தார். விதி இங்கிலீஷில் இருக்கிறது, கதைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எங்கள் மாடியில் பூதம் சென்னைத் தமிழில்தான் பேசியது. கொல்கத்தாவில் பிறந்த மிமி மொண்டல் என்ற எழுத்தாளர் வங்காளத்து ஆறுகளையும் சதுப்பு நிலத்தையும் போல ஒரு நாட்டைப் படைத்து எழுதிய கதை 2022-இல் அந்தக் கம்பெனியின் புத்தகத்திலேயே வந்தது. வங்காளத்துச் சதுப்பு நிலம் போக முடிந்த இடத்துக்கு நம் எண்ணூர்க் கழிமுகம் போக முடியாதா?

கடைசிப் பரிசு: இடமும் நேரமும். நம் வீடுகளில் ஒரு பையனுக்குத் தனி அறை கிடையாது. நாலு பேர் மூன்று மணி நேரம் உட்கார இடம்தான் இவர்களுடைய பெரிய கஷ்டம். ஒரு தாளில் எழுதி உறையில் போட்டுக் கொடுங்கள்: 'மாதம் ஒரு ஞாயிறு, மதியம் மூன்றிலிருந்து ஆறு வரை, மொட்டை மாடி உனக்கு. ஒரு பாத்திரம் சுண்டலும் வரும். யாரும் வந்து படிக்கப் போ என்று சொல்ல மாட்டோம்.' இதற்கு விலை இல்லை. ஆனால் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும். அது 500 ரூபாயைவிடக் கொஞ்சம் அதிகச் செலவு.

இனி, அன்று இரவு ஏன் தூக்கம் வரவில்லை என்ற விஷயம்.

1993. பத்தாம் வகுப்பு 'பி' பிரிவு. கடைசி பெஞ்சில் காசிமேட்டுப் பையன் ஒருவன். பேர் சொல்ல மாட்டேன், அந்த பேட்ச் பிள்ளைகளுக்குச் சொல்லாமலே தெரியும். வகுப்பு நடுவில் பித்தளை உருளும் சத்தம். போய்ப் பார்த்தேன். மூன்று பேர் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள், நடுவில் அவன், கையில் அவன் ஆயாவின் தாயக்கட்டை, தொடையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. நான் கேள்வியே கேட்கவில்லை. சூதாட்டம் என்று முடிவு கட்டிவிட்டேன். கட்டையையும் நோட்டையும் பிடுங்கினேன், இரண்டு அடி வைத்தேன், அப்பாவை அழைத்து வரச் சொன்னேன். மறுநாள் அப்பா கடலிலிருந்து வந்த ஈரத்தோடு வந்தார். வராந்தாவிலேயே, எல்லோர் முன்பும் மகனை அடித்தார். நான் தடுக்கவில்லை. தாயக்கட்டையை அவரிடம் கொடுத்தேன். நோட்டைக் குப்பையில் போட்டேன்.

போடுவதற்கு முன் புரட்டிப் பார்த்தேன். அதுதான் என் தொல்லை. பார்க்காமல் போட்டிருந்தால் இன்று நினைவே இருந்திருக்காது. முதல் பக்கத்தில் காசிமேட்டுத் துறைமுகத்தின் வரைபடம், கட்டம் கட்டமாக. நடுக்கடலில் ஒரு தீவு, அதில் ஒரு குகை. அடுத்த பக்கத்தில் மூன்று பையன்களின் பேர், ஒவ்வொரு பேருக்கும் எதிரே 'பலம்', 'மூளை', 'தம்' என்று மூன்று கட்டம், அதில் எண்கள். தம் என்றால் தண்ணீருக்குள் எவ்வளவு நேரம் மூச்சுப் பிடிப்பான் என்று. அதற்கும் அடுத்த பக்கத்தில்: 'தாயம் விழுந்தா கதவு தொறக்கும். பன்னெண்டு விழுந்தா பூதம் தூங்கிடும்.' காசு பற்றி ஒரு எழுத்தும் இல்லை.

எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. கிறுக்கல் என்று நினைத்தேன். முப்பது வருடம் கழித்து, என் பேத்தி நீட்டிய தாளில் 'வலிமை', 'அறிவு', 'உடல் உறுதி' என்று கட்டம் கட்டமாக எண்களைப் பார்த்த நிமிடத்தில்தான் உறைத்தது. 1974-இல் அமெரிக்காவில் இரண்டு பெரியவர்கள் சேர்ந்து செய்ததை, அது எதுவும் தெரியாமல், 1993-இல் காசிமேட்டில் ஒரு பதினைந்து வயதுப் பையன் தாயக்கட்டையை வைத்துத் தானாகவே செய்திருக்கிறான். பன்னிரண்டு அரிது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் பூதம் தூங்குவதற்கு அதை வைத்தான். நான் அவனுக்கு நிகழ்தகவு நடத்திக்கொண்டிருந்த வாத்தியார். என் பாடத்தை என் வகுப்பிலேயே செய்துகொண்டிருந்தவனை அடித்தேன்.

அவன் பத்தாவது எழுதினான், தேறினான், அதோடு நிறுத்திவிட்டான். அதற்கு நான்தான் காரணம் என்று சொல்லி என்னை நானே பெரிய ஆளாக்கிக்கொள்ள மாட்டேன். அந்த வீட்டில் வேறு காரணங்கள் இருந்தன. ஆனால் அந்த நோட்டுக்கு நான்தான் காரணம்.

எனவே 1993 'பி' பிரிவுப் பிள்ளைகளே, அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று யாருக்காவது தெரிந்தால் பின்னூட்டத்தில் எழுதாமல் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். அவனுக்கு விருப்பமா என்று முதலில் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். விருப்பமில்லை என்றால் அதையும் ஏற்றுக்கொள்கிறேன். ஒரு கிராஃப் நோட்டு, ஒரு ஜோடி பித்தளைத் தாயக்கட்டை, ஏழு பகடை வாங்கி வைத்திருக்கிறேன். மொத்தம் 590 ரூபாய். அவனுக்கு வேண்டாமென்றால் அவன் பிள்ளைகளுக்கு ஆகும்.

மற்ற எல்லோருக்கும் ஒரே வேண்டுகோள். உங்கள் பிள்ளையின் கையில் எதையாவது பிடுங்குவதற்கு முன், அது என்ன என்று ஒரு தடவை கேளுங்கள். பரிசு வாங்க முடியாவிட்டாலும் பரவாயில்லை.

கிரேன் ஆபரேட்டர் சார், பிறந்த நாள் எப்போது என்று சொல்லவில்லையே? பையனை ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாடிக்கு அனுப்புங்கள். ஐந்தாவது ஆள் இன்னும் ஒழுங்காக வருவதில்லை. கிழவனை நம்பி எத்தனை நாள் ஓட்டுவார்கள்?

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு சார்